சைரன் ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது? ஊர் அனர்த்தத் திட்டம் எழுத உதவி தேவை

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீட்டிப் படுத்திருக்கும் மணல் ஊர் எங்களுடையது. நடுவில் கல்முனை வீதி. வீதியில் நின்றால் கிழக்கே கடல் இரைவது கேட்கும். மேற்கே ஓர் ஒழுங்கை இறங்கினால் வாவி. நான் பாலர் பாடசாலை ஆசிரியை. மாதர் சங்கத்தின் செயலாளர் என்பதால் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவிலும் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஐப்பசிக்குள் ஊர்த் திட்டத்தைப் புதுப்பித்துத் தரும்படி கிராம சேவகர் கேட்டிருக்கிறார்.

பழைய திட்டம் கோப்பில் இருக்கிறது. பார்க்க அழகானது. வண்ணம் தீட்டிய வரைபடம், உப குழுக்கள், குழுத் தலைவர்கள், கையொப்பங்கள் எல்லாம் உண்டு. மீட்புக் குழுத் தலைவர் காலமாகிவிட்டார். முன்னெச்சரிக்கைக் குழுவில் பாதிப் பேர் கத்தாரில் இருக்கிறார்கள். முதலுதவிக்குப் பொறுப்பான பிள்ளை கலியாணம் முடித்து ஆரையம்பதிக்குப் போய்விட்டாள். பெயர்களை மாற்றுவது பெரிய வேலையில்லை. அதை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. அந்தத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: 'எச்சரிக்கை கிடைத்ததும் மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு வெளியேற வேண்டும்.' எந்த இடம்? சுனாமி என்றால் மேற்கே, கடலை விட்டு விலக வேண்டும். வெள்ளம் என்றால் வாவிதான் பெருகும். மேற்கு வளவுகள் முதலில் முழுகும். அவர்கள் கிழக்கே வீதி மேட்டுக்கு ஏற வேண்டும். சூறாவளி என்றால் வீதியில் நிற்பதே ஆபத்து. மூன்றுக்கும் ஒரே வரி, ஒரே அம்புக்குறி! வரைபடத்தில் அந்த அம்பு மேற்கே பார்க்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் சனத்துக்கு ஒரு திசைதான் தெரியும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி, சுனாமி வரலாம் என்று அறிவித்தார்களே, அன்று பட்டிருப்புப் பாலத்தை நோக்கி ஊரே திரண்டது. ஒரு மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, பிள்ளைகள், அரிசிப் பை. அலை வரவில்லை. வந்திருந்தால் பாலத்து வாசலில் நெருக்கியடித்து நின்றவர்களைத்தான் முதலில் அடித்திருக்கும். அதே கூட்டம் சூறாவளிக்கு நடுவில் அந்தப் பாலத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொரு குறை. தீயைப் பற்றிக் கோப்பில் ஒரு சொல் இல்லை. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் கிடுகு வேலிகள் தொட்டால் பற்றும் நிலையில் காய்ந்து கிடக்கும். யாராவது மத்தியானத்தில் குப்பைக்கு நெருப்பு வைத்தால் வேலி வழியாக மூன்று வளவு தாண்டிவிடும். நகரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது சாம்பல்தான் மிச்சம் இருக்கும்.

இடைத்தங்கல் முகாம் என்று குறிக்கப்பட்டிருப்பது பாடசாலை. அதிலும் ஒரு சிக்கல். கார்த்திகையில் அது உயர்தரப் பரீட்சை மண்டபம். 2024இலும் 2025இலும் பரீட்சையை நடுவில் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்டபத்துக்கு முத்திரை, வாசலில் காவல். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் உண்மையில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். கையேட்டை நானும் வாசித்துவிட்டேன். அதில் உள்ளதைத் திருப்பி எழுத வேண்டாம்.

எழுபத்தெட்டைக் கண்டவன் எழுதியது:

மகள், உங்கள் கேள்வியை வாசித்ததும் என் வயதில் ஒருவன் வாய்மூடி இருக்க முடியவில்லை. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் வானொலி இல்லை. இருந்தவர்களும் அறிவித்தலைக் கேட்டுவிட்டு மாரிகாலம்தானே என்று இருந்தார்கள்.

மாலையிலிருந்து வடக்கே இருந்து காற்று. இருட்டியபின் அது காற்றாக இல்லை. கிடுகுக் கூரை முழுதாகத் தூக்கிக்கொண்டு போனது. அப்பா எங்களைக் கயிற்றில் ஒருவர் பின் ஒருவராகப் பிணைத்து அடுத்த வளவுக் கல்வீட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே ஏற்கெனவே ஊரில் பாதி. அந்த வீட்டின் ஓடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தன. நாங்கள் கட்டில்களுக்கு அடியில் கிடந்தோம்.

பிறகு திடீரென்று ஓய்ந்தது. மழையும் இல்லை. சிலர் வெளியே போய் மாட்டைத் தேடினார்கள், சிலர் தங்கள் வீட்டைப் பார்க்கப் போனார்கள். கல்வீட்டுக் கிழவர் மட்டும் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு எவரையும் விட மாட்டேன் என்று கத்தினார். அவர் சொல்லைக் கேளாமல் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து அடித்தது. முதல் காற்றுக்கு அசைந்து தளர்ந்திருந்த சுவர்களை இரண்டாம் காற்று மற்றப் பக்கமாகத் தள்ளி விழுத்தியது.

விடிந்து பார்த்தால் தென்னந்தோட்டம் இல்லை. வேரோடு கிடந்த மரங்களில் சிலவற்றின் தலை தெற்கே, சிலவற்றின் தலை வடக்கே. எது எந்தக் காற்றில் விழுந்தது என்று மரத்தைப் பார்த்தே சொல்லலாம். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டத்தின் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது என்று பிறகு எழுதினார்கள். எங்கள் வளவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கல்குடாப் பக்கம் கடல் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை உள்ளே வந்ததாம்.

உங்கள் திட்டத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: காற்று நின்றால் வெளியே போகாதே. வாசலில் நிற்க ஓர் ஆளையும் நியமியுங்கள், கொஞ்சம் முரடானவராகப் பார்த்து. மாரிக்கு முன் வீட்டோரத் தென்னைகளில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்கச் சொல்லுங்கள். அந்தக் காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டு. என் சித்தப்பாவின் தோள் எலும்பு அப்படித்தான் போனது.

பனிநாட்டு மட்டக்களப்பான் எழுதியது:

அக்கா, நான் பிறந்தது வந்தாறுமூலை, பிழைப்பது கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில். எங்களுக்குச் சூறாவளி இல்லை, காட்டுத்தீதான். ஆனால் உங்கள் அம்புக்குறிக் கேள்விக்கு நேரான பதில் ஹவாயில் கிடக்கிறது.

2023 ஆகஸ்ட் 8ஆம் திகதி மவுயி தீவில் லஹைனா என்ற ஊர் எரிந்தது. தெற்கே வெகு தொலைவில் டோரா என்ற சூறாவளி போய்க்கொண்டிருந்தது. வடக்கே உயர் அழுத்தம். இரண்டுக்கும் இடையில் மலையிலிருந்து கடலை நோக்கிக் கடுங்காற்று. கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக் காய்ந்திருந்த புல்லில் தீ ஏறி ஊருக்குள் இறங்கியது. நூறு பேரளவில் இறந்தார்கள். தீவு முழுவதும் சைரன்கள் இருந்தன. ஒன்றைக்கூட ஒலிக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது அவசரகாலப் பொறுப்பதிகாரி சொன்ன காரணம்: அந்தச் சைரன் கேட்டால் சனம் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம் ஓடும், தீயோ மலைப்பக்கம்தான் இருந்தது. அப்படிச் சொன்ன மறுநாளே, விமர்சனங்களுக்கு நடுவில், அவர் பதவி விலகினார். அன்று பலர் தப்பியது கடலில் குதித்து.

அவர் சொன்னது சரியா பிழையா என்று இங்கே இன்றும் வாதிடுகிறார்கள். என் எண்ணம், அன்றைக்கு அந்த மனிதர் எதைத் தெரிவுசெய்திருந்தாலும் பிழையாகத்தான் முடிந்திருக்கும். இந்தச் சத்தத்துக்கு இது, அந்தச் சத்தத்துக்கு அது என்று ஊருக்கு முன்னமே பழக்கியிருக்க வேண்டும். தீ வந்த பிறகு பழக்க முடியாது.

என் சொந்த அனுபவம் 2016 மே மாதத்தில். நான் அப்போது ஃபோர்ட் மக்மரியில் வேலை செய்தேன். 88,000 பேர் வெளியேறினோம். தெற்கே போக ஒரே நெடுஞ்சாலை, 63ஆம் இலக்கம். இரண்டு பக்கமும் மரங்கள் எரிய, வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. சுமார் 2,400 கட்டடங்கள் சாம்பலாகின. ஆனால் நெருப்பில் எவரும் இறக்கவில்லை. வெளியேறும்போது நடந்த வீதி விபத்தில் இருவர் இறந்தார்கள். பெற்றோல் தீர்ந்த வண்டிகள் வரிசையாக வீதியோரம் நின்றதுதான் எனக்கு மறக்காத காட்சி. அன்றிலிருந்து என் வண்டியில் தாங்கி பாதிக்குக் கீழே இறங்குவதில்லை. உங்கள் ஊரில் ஆட்டோ வைத்திருப்பவர்களிடம் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் பெற்றோல் நிலையத்துப் பம்பும் வேலை செய்யாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பரடைஸ் என்ற ஊர் 2018இல் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். அந்த ஊரிலும் வெளியேற்றத் திட்டம் இருந்தது, வலயம் வலயமாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள். கைபேசி எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். ஆகவே உங்கள் கோப்பில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டுவதை விட, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், அவரைத் தூக்க வரும் இருவர் யார் என்று எழுதுங்கள்.

கச்சேரிக்காரன் எழுதியது:

நான் பிரதேச செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. இத்தனை வருடக் கூட்டங்களில் இதை யாரும் கேட்கவில்லை. தேநீர் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வது அந்த நிலையத்துக்கு, அங்கிருந்து மாவட்டப் பிரிவுக்கு, பிறகு பிரதேச செயலகம், பிறகு கிராம சேவகர். காகிதத்தில் சங்கிலி அறுவதில்லை. நடைமுறையில் அது அறுவது கடைசிக் கண்ணியில்தான்: கிராம சேவகர் ஒருவர், வீடுகள் நூற்றுக்கணக்கில், நேரம் இரவு, மழை. அந்தக் கண்ணியை ஊர்தான் போட வேண்டும்.

திசைக் கேள்விக்கு வருகிறேன். நம்முடைய பக்கத்தில் சூறாவளிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வங்காள விரிகுடாவில் தோன்றி மேற்கே வரும் சூறாவளியின் கண், அதாவது காற்று ஓய்ந்திருக்கும் நடுப்பகுதி, உங்களுக்குத் தெற்கே, பொத்துவில் பக்கமாக, கரையேறினால் உங்கள் ஊரில் காற்று கடலிலிருந்து வீசும். கடல் ஏறும் ஆபத்து உங்களுக்குத்தான். கண் உங்களுக்கு வடக்கே போனால் காற்று தரையிலிருந்து வீசும். கடலை அது பின்னே தள்ளும், ஆனால் வாவி நீரைக் கிழக்கே ஒதுக்கி உங்கள் மேற்கு வளவுகளுக்குள் கொண்டுவரும். 1978இல் மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள கல்குடாவில் கடல் புகுந்ததற்குக் காரணமும் கண் அதற்குத் தெற்கே கரையேறியதே. எனவே அறிவித்தல் வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கண் நமக்கு வடக்கா, தெற்கா? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தால் இரண்டுக்கும் ஆயத்தமாகுங்கள்.

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மணிக்கு 62 கிலோமீட்டரிலேயே சூறாவளிக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். 118ஐத் தாண்டினால்தான் அட்லாண்டிக்கில் ஹரிகேன் என்று சொல்லும் அளவு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா அந்த அளவுக்குப் பக்கத்திலும் வரவில்லை. ஆனால் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அதிகம் மலையகத்தில், மண்சரிவில். அங்கே கொன்றது மழை. நமக்கும் அப்படித்தான்: காற்று ஓய்ந்த பிறகு நவகிரி, உன்னிச்சைக் குளங்களின் வான் கதவுகளைத் திறப்பார்கள். அந்த நீர் வாவிக்கு வந்து சேர நேரம் எடுக்கும். வானம் வெளுத்துவிட்டது என்று மேற்கு வளவுக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டியாயிற்றா என்று கேட்டபிறகு அனுப்புங்கள்.

பாலம் பற்றி: சூறாவளிக்குப் பாலத்தைக் கடப்பதென்றால் முதல் நாள் பகலிலேயே கடக்க வேண்டும். அதுவும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உறவுக்காரர் வீடு மேட்டில் இருந்தால் மட்டும். வெல்லாவெளி, மண்டூர் வீதிகளில் ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் ஏறுவது உங்களுக்குத் தெரியாததல்ல. குருமண்வெளிப் படகுப் பாதையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். காற்று எழும்பினால் முதலில் நிற்பது அதுதான். மற்றவர்கள் ஊருக்குள்ளேயே கொங்கிறீற் தட்டுப் போட்ட கட்டடத்துக்குப் போகட்டும். தகரமும் சீற்றும் போட்ட பொது மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. குடும்பநல உத்தியோகத்தரிடம் மாதம் நிறைந்த கர்ப்பிணிகளின் பட்டியல் இருக்கும். அவர்களை இரண்டு நாள் முன்னமே வைத்தியசாலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் நல்ல சேவை, ஆனால் மரம் விழுந்த வீதியில் அதுவும் வண்டிதானே.

வெறும் வாய் எழுதியது:

ரீச்சர், எத்தனை திட்டம் எழுதினாலும் கடைசியில் நம்முடைய சனம் போவது சமைத்த சாப்பாட்டுப் பார்சல் எங்கே கொடுக்கிறார்களோ அங்கே. ஆடு மாட்டை விட்டுவிட்டு வரவும் மாட்டார்கள். வீணாக மண்டையை உடைக்காதீர்கள்.

வாவிக்கரை எழுதியது:

சாப்பாடு கொடுக்கும் இடத்துக்குத்தான் போவார்கள் என்றால், சாப்பாட்டைச் சரியான கட்டடத்தில் கொடுத்தால் முடிந்தது. நன்றி, இது எனக்குத் தோன்றவில்லை!

ஆடு விடயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. எங்கள் கிழக்கு ஒழுங்கையில் தனியாக வாழும் ஒரு மாமி இருக்கிறார். டித்வா நேரம் போய் அழைத்தோம். 'நீங்கள் போங்கள், நான் இதுகளோடு இருக்கிறேன்' என்று ஆட்டுக் கொட்டிலுக்குள் பாயை விரித்துவிட்டார். அவருடைய வருமானமே அந்த ஆடுகள்தான்; வராதது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கச்சேரிக்காரன் எழுதியது:

இதை உலகம் முழுவதும் பட்டுத்தான் கற்றார்கள். 2005இல் நியூ ஓர்லியன்சைக் கத்ரீனா தாக்கியபோது வளர்ப்பு நாயை விட்டு வர மறுத்தே பலர் வீட்டில் தங்கினார்கள். அடுத்த வருடமே, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. பங்களாதேசத்தில் இன்னும் நேரடியாகச் செய்தார்கள்: மண்ணைக் குவித்து மேடு கட்டி மாடுகளை அதில் ஏற்றுகிறார்கள். 1970 சூறாவளியில் இலட்சக்கணக்கில் மாண்ட நாடு அது. 1972இலேயே தொண்டர் படை ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். கையில் ஒலிபெருக்கி, கம்பத்தில் கொடி. ஒரு கொடி என்றால் கவனம், இரண்டு என்றால் ஆபத்து நெருங்குகிறது, மூன்று என்றால் உடனே புறப்படு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொடியை எண்ணத் தெரியும். உங்கள் ஊரில் கடற்கரையில் மீனவர் சங்கக் கம்பம் ஒன்று நிற்குமே?

சம்மாந்துறையான் எழுதியது:

சகோதரி, அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 26 எங்களுக்கு மறக்காது. மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியை உழவு இயந்திரப் பெட்டியில் கடக்க முயன்ற மதரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் புறப்பட்ட பயணம் அது.

உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பின்னால் கொழுவிய பெட்டிக்கு அந்தப் பாரம் இல்லை. ஓடும் நீர் அதைப் பக்கவாட்டில் இழுத்தால் இயந்திரத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். உங்கள் திட்டத்தில் வீதியில் வெள்ளம் மேவிப் பாயும் எந்தெந்தத் தாம்போதிகளை எந்த நேரத்திலிருந்து மூடுவது, கயிறு கட்டி நிற்பது யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். பொலிஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாங்கள் இப்போது பள்ளிவாசல் இளைஞர்களை வைத்து அப்படித்தான் செய்கிறோம். கயிற்றுக்கு முன்னால் நின்று ஏச்சு வாங்குவதும் ஒரு வேலை; அதற்குப் பொறுமைசாலியைப் போடக் கூடாது.

ஒலிபெருக்கி பற்றி: எங்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, உங்களுக்குக் கோயில் இருக்கிறது. இரண்டும் மின்சாரத்தில் இயங்குவது. மின்சாரம் போன இரவுக்கு என்ன வழி என்று பாருங்கள். நாங்கள் ஆட்டோ பற்றரியில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்று, மீன் விற்பவர்கள் கட்டிக்கொண்டு வருவார்களே, அதை வாங்கி வைத்திருக்கிறோம்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கிராம சேவகர், மீனவர் சங்கத் தலைவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் மூவரையும் உட்கார வைத்துக் கதைத்தேன். முடிவானதைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

சைரன் கோபுரம் சுனாமிக்கு மட்டும். அது ஒலித்தால் எவரையும் கேளாமல் மேற்கே போக வேண்டும், ஆனால் எல்லோரும் பாலத்துக்கு அல்ல. வீதிக்கு மேற்கே மாடி வைத்த கட்டடங்கள் எவை என்று குறித்து, எந்த ஒழுங்கைக்கு எந்த மாடி என்று பிரித்துவிட்டோம். வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்று நிபந்தனை போட்டார், தலையாட்டி வைத்தோம்.

சூறாவளிக்குச் சைரன் இல்லை. மீனவர் சங்கக் கம்பத்தில் கொடி, ஒழுங்கை ஒழுங்கையாக மீன் வண்டி ஒலிபெருக்கி. மூன்றாம் கொடி ஏறுவது பகல் வெளிச்சத்தில்தான். இரவில் யாரையும் வீட்டை விட்டு எழுப்புவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். அதாவது சந்தேகம் இருந்தால் முதல் நாள் பின்னேரமே ஏற்றுவோம். சும்மா ஏற்றிவிட்டார்கள் என்று ஏசினால் ஏசட்டும். வெள்ளத்துக்குக் கோயில் மணி, மேற்கு ஒழுங்கைகளுக்கு மட்டும். வண்ணக்கர் முதலில் முகத்தைச் சுளித்தார், மணி பூசைக்குரியது என்று. தேர்த்திருவிழாவில் பிள்ளை காணாமல் போனால் அடிப்பதில்லையா என்று கேட்டேன். சரி என்றார்.

வீடு வீடாகத் தட்டும் வேலையை இளைஞர் கழகத்துக்குக் கொடுப்பதாக இருந்தது. நான் மாற்றிவிட்டேன். இளைஞர்கள் கார்த்திகையில் எங்கே இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மாதர் சங்கத்துக் கடன் குழுக்கள் ஐந்து ஐந்து பேராக ஏற்கெனவே இருக்கின்றன. கிழமைக்கொருமுறை பணம் சேர்க்க ஒவ்வொரு வாசலுக்கும் போகிறவர்கள். யார் வீட்டில் யார் படுக்கையில், யாருக்கு இன்சுலின், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வீட்டிலும் அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி நான்கையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறோம். பை இருக்கிறதா என்று கடன் பணம் வாங்கப் போகும்போது பார்ப்பார்கள். கடன்காரரிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

தீக்கு இரண்டே விதி: கச்சான் முடியும்வரை காலை எட்டு மணிக்குப் பிறகு குப்பைக்கு நெருப்பு வைக்கக் கூடாது, நான்கு வளவுக்கு ஒரு இடத்தில் கிடுகு வேலியை வெட்டி, அந்தத் துண்டுக்குக் கம்பி அடிக்க வேண்டும். இரண்டாவது விதிக்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. வேலிச் சண்டை இந்த ஊரில் சூறாவளியை விடப் பழையது.

பாடசாலைச் சாவி இன்னும் தீரவில்லை. அதிபர் ஒத்துக்கொண்டார், ஆனால் பரீட்சைக் காலத்தில் தன்னால் முடியாது என்கிறார், அது நியாயம்தான். இரண்டாம் இடமாகக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய களஞ்சியத்தைப் பார்த்தோம். தட்டுப் போட்ட கட்டடம், மலசலகூடம் இல்லை. அதைக் கட்டித்தர யாரைப் பிடிக்கலாம் என்று கச்சேரிக்கார அண்ணன் சொல்ல வேண்டும்.

ஆடுகளுக்கு: களஞ்சியத்தின் பின் விறாந்தை. மாமியிடம் போய்ச் சொன்னேன். 'எல்லாம் சரி, வேறு ஆட்டோடு சேர்த்துக் கட்டுவாயா' என்று கேட்கிறார்.

கச்சேரிக்காரன் எழுதியது:

மலசலகூடத்துக்குப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம், பிரதேச செயலாளருக்குப் பிரதி. பொது சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசை இணைத்தால் வேகமாக நகரும். மாதர் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள், அனர்த்தக் குழுவின் பெயரில் வேண்டாம். அந்தக் குழு இருப்பது சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கூடவே களஞ்சியக் கதவின் மேல் பிணைச்சலைப் பாருங்கள். பழைய கூட்டுறவுக் கட்டடங்களில் கதவு வெளிப்பக்கம் திறக்கும். காற்று பிடித்தால் மூட முடியாது. உள்ளே குறுக்குச் சட்டம் போடுவதற்குக் கொழுவி அடியுங்கள்.

வெறும் வாய் எழுதியது:

ரீச்சர், கம்பி வேலிக்கு எங்கள் வளவை முதலில் எடுங்கள். மற்றவர்கள் பார்த்துச் செய்வார்கள். கூட்டம் எப்போது?

வாவிக்கரை எழுதியது:

ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, பாலர் பாடசாலையில். கதிரைகள் சின்னப் பிள்ளைகளுடையவை, முன்னமே சொல்லிவிட்டேன். ஆடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். தேநீர் உண்டு. வரும்போது அலவாங்கு ஒன்று கொண்டுவாருங்கள், கொடிக் கம்பத்தின் அடி ஆடுகிறது.